மாதிரிக்கு வந்த லேசர்

எங்கள் நுண்ணோக்கி அறையில் ஒரு பழைய லேசர் இருந்தது. வாயு நிரப்பிய குழாயிலிருந்து நீல ஒளி கக்கும் வகை. ஒளியைவிடச் சூட்டையும் சத்தத்தையும்தான் அதிகம் கக்கும். அதைக் குளிர்விக்கும் விசிறி போடும் இரைச்சலில் அந்த அறைக்குள் யாரும் யாரிடமும் ரகசியம் பேச முடியாது. அறைக்குப் பொறுப்பாளர் நான். வீட்டிலும் கத்தித்தான் பேசுகிறேன் என்று கணவர் சொல்வார். லேசர்தான் காரணம் என்று நான் சொல்வேன். அவர் நம்புவதில்லை.

எங்கள் அறையில் நடப்பது இவ்வளவுதான்: உயிரணுக்களில் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அதன் மேல் லேசரைப் பாய்ச்சி, அது மினுங்குவதைப் படமெடுப்பார்கள். ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு நிற லேசர்தான் ஒத்துவரும். ஆகவே லேசர் வாங்க வேண்டுமென்றால் முதலில் எந்தெந்த நிறம் என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு துறை முழுக்க அடித்துக்கொள்ள இது போதும்.

பழைய குழாய் சாகத் தொடங்கியதும் புதிது வாங்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன். உடனே குழு ஒன்று போட்டார்கள். புற்றுநோய்ப் பேராசிரியருக்குச் சிவப்பு வேண்டும், அதுவும் பலமாக. இலைப் பேராசிரியர் நீலம் என்றாலே முகத்தைச் சுளிப்பார். நீல ஒளி பட்டால் இலையின் பச்சையம் தானாகவே சிவப்பாக மினுங்கி, அவர் பார்க்க வேண்டியதை மறைத்துவிடுமாம். துறைத்தலைவருக்கு அகச்சிவப்பு மேல் ஆசை. அது திசுவுக்குள் ஆழமாகப் போகுமாம். கண்ணுக்கே தெரியாத ஒளி, விலை மட்டும் எல்லாவற்றையும்விட அதிகம். மாதக்கணக்காகக் கூடிக் கூடி அரைத்த மாவையே அரைத்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என் வயதில் ஒரு மனுஷிக்குக் கோபம்கூட உடனே வருவதில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, செருப்பைக் கழற்றிய பிறகுதான் வருகிறது.

இந்தக் கூட்டங்களுக்கு யாரும் கூப்பிடாத ஒருத்தி இருந்தாள். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஆராய்ச்சியாளர். கடுகளவுகூட இல்லாத, கண்ணாடி போன்ற ஒருவகைப் புழுவின் கருவில் முதல் சில உயிரணுக்கள் எப்படிப் பிரிகின்றன என்று பார்ப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் புழு. தொலைபேசியில் அவளே "அக்கா, புழு பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பாள். ஏற்கனவே இரண்டு இடங்களில் ஒப்பந்தம் முடிந்து, வெறுங்கையோடு வெளியே வந்தவள். இங்கேயும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கடைசி வரிசைப் படங்களை எடுத்து முடித்தால் கட்டுரை வரும். கட்டுரை வந்தால் நிரந்தர வேலை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. படம் இல்லையென்றால் கட்டுரை இல்லை, வேலையும் இல்லை.

ஒரு கருவைப் படமெடுக்கக் காலை முழுக்க ஆகும். அவ்வளவு நேரமும் ஒளி ஒரே அளவில் நிற்க வேண்டும். எங்கள் கிழட்டு லேசரோ நினைத்தால் ஏறும், நினைத்தால் இறங்கும். படத்தில் வெளிச்சம் கூடினால் அது உயிரணு செய்த வேலையா, லேசர் செய்த கூத்தா என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்த படங்களைக் குப்பையில் போட்டுப் போட்டு அவள் முகமே சுண்டிப்போயிருந்தது.

அப்போதுதான் லேசர்க்காரர் வந்தார். ஒரு கம்பெனியின் விற்பனை ஆள். ஒல்லியான மனிதர், தோளில் வார் அறுந்து தைத்த பை. விற்க வருகிறவர்கள் வழக்கமாக ஒரு கண்ணாடித் தகடு கொண்டுவருவார்கள். அதில் இருக்கும் உயிரணுக்கள் எந்த ஓட்டை லேசரில் பார்த்தாலும் ஜொலிக்கும். பேராசிரியர்கள் வாயைப் பிளப்பார்கள். இவர் அப்படித் தகடு எதுவும் இல்லாமல் வந்து, "உங்ககிட்ட இருக்கிறதிலயே மோசமான சாம்பிளக் குடுங்க மேடம்" என்றார்.

நான் புழுவைக் கூப்பிட்டேன்.

அவர் கொண்டுவந்த பெட்டி ஒரு சின்னப் பயணப்பெட்டி அளவுதான். உள்ளே நான்கு நிறம். ஒரு மெல்லிய கண்ணாடி இழை வழியாக நான்கும் நுண்ணோக்கிக்குள் போகும். அவர் இழையை மாட்டி, குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். விசிறியே இல்லை. அந்த அறையில் முதல் தடவையாக என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"விக்கிறவன் நானே சொல்றேன், பவரப் பாத்து வாங்காதீங்க" என்றார். "பவர் கூடினா உங்க புழு வெந்துதான் போகும். ஒளி ஆடாம நிக்குதான்னு மட்டும் பாருங்க."

ஒளி ஆடவில்லை. திரையில் ஒரு கரு இரண்டாகி, நான்காகி, உயிரோடு இருந்தது. புழு நாற்காலியை விட்டு எழவே இல்லை. "அக்கா, இது பொழைச்சுக்கிச்சு அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. மாதக்கணக்கில் அந்த அறையில் நல்லது என்று எதுவும் நடந்திருக்கவில்லை.

"ரெண்டு வாரம் வெச்சு ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா வாங்குங்க" என்று சொல்லிவிட்டு லேசர்க்காரர் போனார். எங்கள் தொழிலில் இது சகஜம். வாங்குவதற்கு முன் மாதிரிப் பெட்டியைக் கொஞ்ச நாள் கொடுத்துவைப்பார்கள்.

இரண்டாவது வாரம் துறைத்தலைவர் என்னை நடைபாதையில் நிறுத்தினார். நல்ல செய்தியை அறைக்குள்ளும் கெட்ட செய்தியை நடைபாதையிலும் சொல்வது அவர் பழக்கம்.

"லேசருக்கு ஒதுக்கின பணம் கூரைக்குப் போயிடுச்சும்மா. மேல்மாடி ஒழுகுறது உங்களுக்கே தெரியும். இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் சந்தேகம்தான்."

"அப்போ அவர்கிட்ட சொல்லிடட்டுமா சார்? பெட்டிய எடுத்துட்டுப் போகட்டும்."

"எதுக்கு அவசரம்? இருக்கிற வரைக்கும் இருக்கட்டுமே. அந்தப் பொண்ணு வேற அதுல வேல பாக்குது. பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லி வைங்க. எல்லா இடத்திலயும் நடக்கிறதுதானே?"

எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். ஒரு கம்பெனியின் பெட்டி போனதும் அடுத்த கம்பெனியைக் கூப்பிட்டு, ஒரு வருடம் முழுக்க ஓசியிலேயே ஆராய்ச்சி நடத்திய துறைகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் புத்திசாலித்தனம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். நான் சரி சார் என்றேன். சரி சார் சொல்லிச் சொல்லியே என் தலை தானாக ஆடப் பழகிவிட்டது.

இரண்டு வாரம் முடிந்ததும் லேசர்க்காரர் கேட்டார். குழு இன்னும் கூடவில்லை என்றேன். பொய் இல்லை. கூடத் தேவையே இல்லை என்பதைத்தான் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். தலைவர் வெளியூர் என்றேன். அதுவும் பொய் இல்லை. சொன்னதெல்லாம் உண்மை, சேர்த்துப் பார்த்தால் பச்சைப் பொய். உள்ளே புழு காலையில் ஒரு கரு, மதியம் ஒரு கரு என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்கு மேல் 'லேசர் ஓடுகிறது' என்று காட்டும் சிவப்பு விளக்கு அணைவதே இல்லை.

ஒரு நாள் மதியம், புழு சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஒளியைச் சரிபார்க்க லேசர்க்காரர் தானாகவே வந்தார். பெட்டியின் பின்பக்கம் அது மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சின்னத் திரை ஒன்று உண்டு. அதைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். சோதித்துப் பார்ப்பதற்கு யாரும் இவ்வளவு ஓட்டமாட்டார்கள்.

அவர் நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"இவ்வளவு ஓட்டியிருக்கீங்களா மேடம்! நான் எத்தனையோ இடத்தில பெட்டி வெச்சிருக்கேன். பாதிப் பேர் உறையே பிரிக்க மாட்டாங்க. இவ்வளவு ஓட்டினவங்க யாரும் வேணாம்னு சொன்னதே இல்ல."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மனம் விட்டுப் பேசினார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. எங்க மேனேஜர் இந்தக் காலாண்டு வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார். ஒரு பெட்டியாவது வித்தாகணும், இல்லேன்னா வேற வேல பாத்துக்கோன்னுட்டார். ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேப்ல இதையே கேக்கிறாங்க. பணம் ரெடியா இருக்கு, கொண்டாந்து காட்டினா எடுத்துக்கிறோம்ங்கிறாங்க. ஆனா மாதிரிப் பெட்டி என்கிட்ட இது ஒண்ணுதான். இவ்வளவு ஆசையா ஓட்டுறவங்ககிட்டேர்ந்து பிடுங்கிட்டுப் போறதா? கொஞ்சம் பொறுங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு முதல்ல காட்டிடுங்களேன்" என்றேன். எப்படியோ அந்த அளவுக்கு வாய் வந்தது.

"பரவால்ல மேடம். அது வரலாம், வராமலும் போகலாம். இங்கதான் உறுதியா தெரியுது." எழுந்து, பெட்டியை ஒருமுறை துணியால் துடைத்துவிட்டுப் போனார்.

எனக்கு அவர் மேல்தான் முதலில் எரிச்சல் வந்தது. இவ்வளவு வருடம் விற்கிற மனிதருக்கு, ஓசியில் கிடைத்தால் ஜனங்கள் எதையும் ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள் என்று தெரியாதா? பிறகு என் மேல் வந்தது. வந்து என்ன, புழு திரும்பி வந்து வேலையைத் தொடங்கியதும் கதவைத் தட்டிவிட்டு அவளிடம் போனேன்.

விஷயம் முழுவதையும் சொன்னேன். பணம் கூரைக்குப் போனது அவளுக்கு அதுவரை தெரியாது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இப்ப எடுத்துட்டுப் போனா நான் செத்தேன் அக்கா" என்றாள். "இன்னும் கொஞ்சம்தான். இந்த வாரக் கடைசிக்குள்ள முடிச்சிடுவேன். அப்புறம் சொல்லுங்க, நானே பெட்டியத் தூக்கி அவர் வண்டியில வெக்கிறேன்."

"அதுக்குள்ள ஆஸ்பத்திரி கைய விட்டுப் போயிட்டா? அவருக்கு வேல போயிடும்டி."

"அவருக்கு வேற வேல கிடைக்கும். விக்கத் தெரிஞ்சவங்களுக்கு எங்கயும் கிடைக்கும். எனக்குப் புழுவத் தவிர என்ன தெரியும்?" அப்போதுதான் திரும்பினாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ரெண்டு நாள்ல எதுவும் ஆயிடாது. நீங்க எதுக்கெடுத்தாலும் பயப்படுறீங்க அக்கா."

அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பெற்ற பிள்ளைபோல என்றெல்லாம் சொல்லமாட்டேன். என் பிள்ளைகள் என்னிடம் இவ்வளவு கெஞ்சியதில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குக் கிளம்பினேன்.

என் கணவரும் விற்கிறவர்தான். நகலெடுக்கும் இயந்திரம். அன்று சாப்பிடும்போது ஒரு பள்ளிக்கூடத்தின் கதையைச் சொன்னார். மாதிரிக்கென்று வாங்கி வைத்த இயந்திரத்தில் பரீட்சைக் கேள்வித்தாள் மொத்தத்தையும் அடித்து முடித்துவிட்டு, மை தீர்ந்ததும், "எங்களுக்குச் சரிப்படாது, எடுத்துட்டுப் போங்க" என்றார்களாம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"இதுல என்ன சிரிப்பு?" என்று கேட்டேன்.

"பின்ன அழவா சொல்ற? ஹெட்மாஸ்டரம்மா தங்கமான மனுஷி. வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சாங்க. அவங்களால என் முகத்தப் பாக்கவே முடியல, பாவம்."

"பாவமாம் பாவம்! வாசல் வரைக்கும் வரத் தெரிஞ்சவளுக்கு மொத நாளே சொல்லத் தெரியாதா?" என்று கத்தினேன். அவர் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தார். "சரி, லேசர்தான் காரணம்" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார். நான் எழுந்து தட்டைக் கழுவி வைத்தேன். அப்போதே லேசர்க்காரரைப் போனில் கூப்பிட்டிருக்கலாம். உடம்பில் பொட்டுத் தெம்பு இல்லை. படுத்துவிட்டேன்.

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் லேசர்க்காரரைக் கூப்பிட்டேன். தலைவரிடம் கேட்கவில்லை. போனிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, "நேர்ல வர முடியுமா? ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன்.

அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அவர் மாடிப்படி ஏறி வந்தபோதுதான் புரிந்தது. இஸ்திரி போட்ட புதுச் சட்டை. முகம் மழித்திருந்தார். தலை படிய வாரியிருந்தார். லேசர் வாங்குகிறவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்ல நேரில் கூப்பிடுவதில்லை. அதற்கெல்லாம் ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆகவே நடைபாதையில் வைத்தே சொன்னேன். தலைவரின் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

"நாங்க வாங்கப் போறதில்ல. பணம் வேற வேலைக்குப் போயிடுச்சு."

அவருக்கு உடனே உறைக்கவில்லை. "அடுத்த காலாண்டா மேடம்?" என்றார்.

"அடுத்த வருஷமும் இல்ல."

"அவ்வளவு நேரம் ஓடியிருக்கே..."

"ஓட்டினது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அவளுக்கு ஒரு வேல முடிய வேண்டியிருந்தது. சோதிக்கிறதுக்குன்னு யாரும் ஓட்டல."

அவர் சுவரில் சாய்ந்து நின்றார். "உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்திலேர்ந்து."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து எண்ணைத் தேடினார். "ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் பாக்கிறேன். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். சரி சரி என்று நானும் தலையாட்டினேன். உள்ளே கரு பாதியில் நிற்கும், புழு என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள், போகட்டும், இது ஒன்றாவது நேராக நடக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் பேசியது கொஞ்சம்தான். "வணக்கம் சார், லேசர் விஷயமா... ஆமா சார், பெட்டி ஃப்ரீயாயிடுச்சு, இன்னிக்கு மதியமே கொண்டாந்து..." பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "நேத்து சாயங்காலமா? ... இல்ல சார், உங்க மேல தப்பில்ல. நான்தான் பொறுங்கன்னு சொன்னேன். ... சரிங்க சார்."

போனைச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது.

"வேற கம்பெனிக்கு ஆர்டர் குடுத்துட்டாங்களாம்."

நேற்று மதியம் அவர் அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நானோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருந்தேன்.

"மன்னிச்சிடுங்க" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "உள்ள வேல நடக்குது. ஆனா நான் நிறுத்தச் சொல்றேன். நீங்க பெட்டிய எடுத்துக்குங்க."

அவர் கதவுக்கு மேல் எரிந்த விளக்கைப் பார்த்தார். "கரு ஓடுதா?"

"ஆமா."

"எடுத்துட்டுப் போயி இனிமே யாருக்குக் காட்டப் போறேன்? கம்பெனி கோடவுன்ல சும்மாதான் கிடக்கும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அந்தப் பொண்ணு முடிச்சுக்கட்டும் மேடம். முடிச்சதும் சொல்லுங்க. அப்போ நான் வருவேனோ என்னவோ, யாராவது வந்து எடுத்துக்குவாங்க. இழைய மட்டும் மடக்கிடாதீங்க, ஒடிஞ்சிடும்."

கோபத்தில் சொல்லவில்லை, பெருந்தன்மையில் சொன்னதாகவும் தெரியவில்லை. களைத்துப்போன ஒரு மனிதர், சுமையை இன்னொரு தடவை தூக்கி இறக்க முடியாமல் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார். எனக்கு அந்தக் களைப்பு நன்றாகத் தெரியும். வாசல் வரைக்கும் போய் அனுப்பிவைக்க ஓரடி எடுத்து வைத்தேன். பிறகு நின்றுவிட்டேன். அவர் படியிறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு அணைந்து புழு வெளியே வந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. படம் நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது.

"அவர் குரல் கேட்டுச்சே அக்கா. சொல்லிட்டீங்களா? பெட்டிய எடுக்கத்தான் வந்தாரா?"

"சொல்லிட்டேன். நீ முடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்னார்."

"நெஜமாவா?" என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். "நல்ல மனுஷன் அக்கா! நான்தான் சொன்னேனே, ரெண்டு நாள்ல எதுவும் ஆயிடாதுன்னு. நீங்கதான் வீணா பயந்தீங்க."

நான் சிரித்து வைத்தேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.